பிள்ளைக்கு முதல் எழுத்து: வித்யாரம்பத்துக்குத் தயாராவது எப்படி?

2022-இல் விஜயதசமி அக்டோபர் 5, புதன்கிழமை வந்தது. எங்கள் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. பெயர்பெற்ற ஒரு கோயிலில்தான் எழுத்தறிவிக்க வேண்டும் என்று முடிவு செய்து, காலை 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்பதிவு எல்லாம் ஒரு வாரம் முன்பே முடிந்துவிட்டது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பொது வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வந்தபோது பிள்ளை என் தோளில் தூங்கிவிட்டாள். எழுப்பினோம், அழுதாள். மணி 12-ஐத் தாண்டி ராகுகாலம் தொடங்கிவிட்டதே என்று மாமியார் கலங்கிப் போனார். அழுகிற பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டார்கள். என்ன எழுத்து எழுதினாள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. பள்ளியில் சேர்க்கப் போனால், பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரே ஏறவில்லை. அதைச் சரிசெய்ய ஒன்றரை மாதம் ஆனது.

அடுத்தவன் மகன். அவனுக்கு 2025 அக்டோபர் 2 அன்று வீட்டிலேயே செய்தோம். தாத்தா மடியில் உட்கார்ந்து, அரிசியில் ‘அ’ எழுதிவிட்டு, ‘இன்னொரு வாட்டி’ என்று அவனே கேட்டான். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஊருக்கு ஊர் வித்யாரம்பம், அட்சராப்பியாசம், எழுத்தறிவித்தல், ஏடு தொடக்கம் என்று பெயர் மாறும். செய்வது ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுத வைப்பது.

1. பிள்ளை தயாரா என்று முதலில் பாருங்கள்

பெரும்பாலான குடும்பங்களில் 3 வயது முடிந்த பிறகு செய்கிறார்கள். ஐந்தாம் வயதில் செய்வது பழைய வழக்கம். 4 வயதில் செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சில வீடுகளில் ஒற்றைப்படை வயதுதான் என்பார்கள், சில வீடுகளில் அந்தக் கணக்கே கிடையாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அதன்படி செய்யுங்கள். பக்கத்து வீட்டுக் கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இது ஆண், பெண் இருபாலருக்கும் பொது. எந்தச் சமூகத்தினரும் செய்யலாம். பூணூல் போடும் உபநயனத்தோடு இதைக் குழப்பிக்கொண்டு ‘நமக்கு இந்தச் சடங்கு உண்டா?’ என்று தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உபநயனம் வேறு, இது வேறு. தயங்க வேண்டாம்.

வயதை விட முக்கியமான ஒன்று: புது ஆள் மடியில் இரண்டு நிமிடம் உட்காருவானா? கையைப் பிடித்தால் உதறுவானா? பத்து நாள் முன்பிருந்தே வீட்டில் ஒரு தட்டில் ரவையோ அரிசியோ பரப்பி, விரலால் கோடு போட்டு விளையாட விடுங்கள். எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டாம், அது அன்றைக்குத்தான். தட்டும் அரிசியும் பழகிவிட்டாலே பாதி அழுகை குறையும்.

2. காகிதங்களை மூன்று மாதம் முன்பே சரிபாருங்கள்

எழுத்தறிவிக்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் தெரிந்தால் போதும். கோத்திரம் தெரியாதவர்களுக்குப் பல கோயில்களில் சிவ கோத்திரம் என்றோ விஷ்ணு கோத்திரம் என்றோ சொல்லி அர்ச்சனை செய்துவிடுவார்கள். நட்சத்திரம் நினைவில்லை என்றால் பிறந்த தேதியும் நேரமும் கொடுத்துப் பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நின்றுகொண்டு ஊருக்குப் போன் போட்டுக் கேட்பது கஷ்டம்.

காகிதம் தேவைப்படுவது பள்ளிச் சேர்க்கைக்கு. தமிழ்நாட்டில் விஜயதசமியும் பள்ளிச் சேர்க்கையும் கைகோத்து வருவதால் இரண்டையும் சேர்த்தே தயார் செய்வது நல்லது.

பிறப்புச் சான்றிதழ்: எடுத்துப் பாருங்கள், பிள்ளையின் பெயர் இருக்கிறதா? பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிடுகிறோம். பெயர் வைப்பது அதற்குப் பிறகு. அதனால் நிறையச் சான்றிதழ்களில் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை 200 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பெயர் சேர்க்க வேண்டியது பிள்ளை பிறந்த ஊரில். நீங்கள் குடியிருக்கும் ஊரில் இல்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம். என் மகள் பிறந்ததும் அப்படித்தான், நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஆறு மணி நேரப் பயணம். இரண்டு முறை போய் வந்தோம், முதல் முறை என் ஆதாரில் இருந்த முதலெழுத்தும் சான்றிதழில் இருந்த தந்தை பெயரும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நீங்கள் போவதற்கு முன் பெற்றோர் இருவரின் ஆதார், பழைய பிறப்புச் சான்றிதழ், இருந்தால் மருத்துவமனை கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் அந்த அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவு. கிராமமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரைக் கேளுங்கள், எந்த அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது என்று சொல்வார்.

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். ஒரு முறை பதிந்த பெயரை மாற்றுவது மிகவும் கடினம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதலா குறைவா என்பது, முதலெழுத்து முன்னால் வருமா பின்னால் வருமா என்பது, எல்லாம் பிறகு ஆதார், பள்ளிப் பதிவேடு, கடவுச்சீட்டு வரை தொடர்ந்து வரும்.

இன்னொன்று. 2023 அக்டோபர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு 2026 அக்டோபர் முதல்தான் 3 வயது முடிகிறது. ஆகவே இனி வரும் விஜயதசமிகளில் முதல் எழுத்து எழுதப்போகும் பிள்ளைகளில் பலர் இந்தக் கணக்கில் வருவார்கள். ‘ஜாதகம் இருக்கிறது, மருத்துவமனைச் சீட்டு இருக்கிறது’ என்று இருந்துவிடாதீர்கள்.

ஆதார்: 5 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு நீல நிற ஆதார். கைரேகை, கருவிழி எடுக்க மாட்டார்கள். முதல் பதிவு இலவசம். பிறப்புச் சான்றிதழும், தாய் அல்லது தந்தையின் ஆதாரும் வேண்டும். சான்றிதழில் பெயர் ஏறிய பிறகு ஆதார் எடுங்கள். வரிசை மாறினால் இரண்டிலும் இரண்டு பெயர் வந்து நிற்கும். 5 வயதானதும் கைரேகையைப் பதிந்து புதுப்பிக்க வேண்டும், அதையும் இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

சாதிச் சான்றிதழ் பெரும்பாலும் பிறகு கொடுத்தால் போதும் என்பார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம்.

3. நாளும் நேரமும்

விஜயதசமிக்குத் தனியாக முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை, நாள் முழுதும் நல்லதே என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் எல்லா வீட்டிலும் இப்படி நினைப்பதில்லை. எங்கள் வீட்டில் ராகுகாலம், எமகண்டம் இரண்டையும் விலக்குவார்கள். இதைக் கடைசி நேரத்தில் வரிசையில் நின்று விவாதிக்காமல், ஒரு மாதம் முன்பே பெரியவர்களிடம் கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். 2025-இல் விஜயதசமி வியாழக்கிழமை. காலை 6 முதல் 7.30 வரை எமகண்டம், பகல் 1.30 முதல் 3 வரை ராகுகாலம். நடுவில் ஆறு மணி நேரம் இருந்தது. நாங்கள் 8.15-ஐத் தேர்ந்தெடுத்தோம். காரணம் பஞ்சாங்கம் மட்டும் இல்லை: பையன் தூங்கி எழுந்து, பால் குடித்து, நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் அது.

முதல் நாள் சரஸ்வதி பூஜை. அன்று புத்தகம், பேனா, சிலேட்டு எல்லாம் சாமிக்கு முன் இருக்கும், படிப்பதும் எழுதுவதும் இல்லை. சரஸ்வதி பூஜை என்ற பெயரைப் பார்த்து அன்றைக்கே எழுத்தறிவிக்கப் போய்விடுகிறவர்கள் உண்டு. எழுதத் தொடங்குவது மறுநாள் விஜயதசமியில்.

தேதியிலும் ஒரு குழப்பம் வரும். தசமி திதி இரண்டு நாள்களில் பரவிக் கிடக்கும் ஆண்டுகளில் இடத்துக்கு இடம் நாள் மாறும். 2024-இல் தமிழ்நாட்டு அரசு விடுமுறைப் பட்டியலில் விஜயதசமி அக்டோபர் 12. கேரளத்தில் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றது 13-ஆம் தேதி. கேரள வழக்கப்படி பூஜை நடக்கும் ஐயப்பன் கோயிலுக்குப் போக நினைத்தால், நாட்காட்டியைப் பார்த்துக் கிளம்பாமல் கோயில் அலுவலகத்தில் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விஜயதசமி தவறிவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. தை, மாசியை ஒட்டி வரும் வசந்த பஞ்சமி இருக்கிறது. சித்திரை, வைகாசியை ஒட்டி அட்சய திருதியை வருகிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் அது நல்ல சந்தர்ப்பம், கூட்டம் எல்லாம் நகைக்கடையில் இருக்கும், கோயில் அமைதியாக இருக்கும். சாதாரண நாளில் செய்வதானால் அஷ்டமி, நவமி, அமாவாசை தவிர்த்து, பிள்ளையின் நட்சத்திரத்துக்குப் பொருந்தும் நாளைக் குறித்துத் தருவார்கள். வீட்டில் பிறப்பு, இறப்புத் தீட்டு இருந்தாலும் இப்படித் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அதற்காக மனம் வருந்த வேண்டாம்.

4. எங்கே செய்வது

மூன்று வழி இருக்கிறது.

வீடு. என் பரிந்துரை இதுதான். கூட்டம் இல்லை, பிள்ளைக்குத் தெரிந்த முகங்கள், அழுதால் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடரலாம். புரோகிதர் கட்டாயம் இல்லை. தாத்தா, பாட்டி, அப்பா, தாய்மாமன், பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர் யாராவது விரல் பிடித்தால் போதும். புரோகிதரை அழைப்பதென்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று காலை அவர் பல வீடுகளுக்குப் போவார். எத்தனை மணிக்கு வருவார், தட்சிணை எவ்வளவு, பூஜைச் சாமானை யார் வாங்குவது என்ற மூன்றையும் முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

பக்கத்துக் கோயில். உங்கள் தெருப் பிள்ளையார் கோயில் அர்ச்சகரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியாகச் செய்து தருவார். பிள்ளைக்குப் பழகிய இடமாகவும் இருக்கும்.

பெயர்பெற்ற கோயில். திருவாரூர் மாவட்டத்தில் பூந்தோட்டம் பக்கத்திலுள்ள கூத்தனூர் மகா சரஸ்வதி கோயில்தான் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். மயிலாடுதுறை – திருவாரூர் ரயில் பாதையில் பூந்தோட்டம் நிலையம் இருக்கிறது. சென்னையில் மகாலிங்கபுரம் ஐயப்பன் கோயில், கோவையில் சித்தாபுதூர் ஐயப்பன் கோயில், நாகர்கோவில் பார்வதிபுரம் வனமாலீஸ்வரர் கோயில் ஆகிய இடங்களிலும் விஜயதசமியன்று வரிசையாகப் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்தறிவிப்பார்கள். வைணவக் குடும்பங்கள் கல்விக் கடவுளான ஹயக்ரீவரிடம் போவது உண்டு: கடலூர் அருகே திருவந்திபுரம், செங்கல்பட்டு அருகே செட்டிபுண்ணியம்.

பெரிய கோயிலுக்குத்தான் என்று மனம் வைத்துவிட்டால், இவற்றை முன்கூட்டிக் கேளுங்கள்: முன்பதிவு உண்டா, எப்போது தொடங்கும், எத்தனை மணிக்கு வரிசை, அரிசியும் தட்டும் அவர்கள் தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா. நவராத்திரி தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். ரயில் என்றால் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், பூஜை விடுமுறைக் கூட்டத்தில் அன்றே இடம் போய்விடும். கட்டாயமாக விஜயதசமியன்றே போக வேண்டும் என்றில்லை என்பதையும் யோசியுங்கள். வீட்டில் விஜயதசமியன்று எழுத வைத்துவிட்டு, கூட்டம் குறைந்த வேறொரு நாளில் கூத்தனூருக்குப் போய், அந்தச் சிலேட்டையும் நோட்டையும் அம்மன் பாதத்தில் வைத்து வாங்கி வரலாம். மகனுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சன்னதியில் நின்று பார்க்க நேரம் கிடைத்தது.

5. வாங்க வேண்டியவை, செலவு

2025-இல் வீட்டில் செய்தபோது நாங்கள் செலவழித்தது இது. பச்சரிசி ஒரு கிலோ, சிலேட்டு ஒன்று, பலப்பம் ஒரு பெட்டி, மஞ்சள், குங்குமம், சந்தனம், வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ. எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள் வந்தது. பிள்ளைக்குப் புது வேட்டி சட்டை 450. புரோகிதர் இல்லை. 2022-இல் கோயிலுக்குப் போன செலவு, வண்டி, சாப்பாடு, அங்கே வாசலில் வாங்கிய பை எல்லாம் சேர்த்து 4,000 ரூபாயைத் தாண்டியது.

பூவைச் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாளே வாங்கி ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். பூஜையன்று விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறும்.

கோயில் வாசலிலும் கடைகளிலும் ‘வித்யாரம்பம் செட்’ என்று பளபளப்பான பெட்டி விற்கிறார்கள். நாங்கள் வாங்கியதில் சிலேட்டு பிளாஸ்டிக், பலப்பம் அதில் எழுதவே இல்லை. தனித்தனியாக வாங்குங்கள். சிலேட்டு சின்னதாக, மரச்சட்டம் போட்டதாக, ஓரம் மழுங்கியதாக இருக்கட்டும். வாங்கும்போதே ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

அரிசியா நெல்லா என்று கேட்பார்கள். இரண்டும் வழக்கம்தான். ஆனால் நெல்லில் சுனை இருக்கும், பிஞ்சு விரலைக் குத்தும். என் மகள் அன்று அழுததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் புரிந்தது. நெல்தான் வைப்பது உங்கள் வழக்கம் என்றால், அடியில் கொஞ்சம் நெல் பரப்பி மேலே பச்சரிசி போட்டுக்கொள்ளலாம்.

மோதிரத்தில் தேன் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் எழுதும் வழக்கம் இருந்தால், மோதிரம் உங்களுடையதாக இருக்கட்டும். வெந்நீரில் கழுவித் துடைத்து, சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். ஒரே மோதிரத்தை எல்லாப் பிள்ளைகளின் நாக்கிலும் வைக்கும் இடத்தில், ‘எங்களுடையதில் எழுதுங்கள்’ என்று பணிவாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கூடவே கைக்குழந்தை இருந்தால் அதன் வாயில் தேனை வைக்க விடாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்து.

6. அந்த இருபது நிமிடம்

பிள்ளைக்கு வயிறு நிறைய வேண்டும். பூஜை முடியும் வரை பட்டினி என்பது பெரியவர்களுக்குச் சரி, மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். குளிப்பாட்டி, பாலோ இட்லியோ கொடுத்து, உடுத்திவிடுங்கள். ஜரிகை குத்துகிற பட்டுத் துணியை விடப் பருத்தி நல்லது.

கோலம் போட்டு விளக்கேற்றுங்கள். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, சரஸ்வதி படத்துக்குப் பூ வைத்து, முதல் நாள் பூஜையில் வைத்த சிலேட்டைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். பெரியவர் கிழக்குப் பார்த்து உட்கார, பிள்ளை அவர் மடியில் அதே பக்கம் பார்த்து உட்காரட்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் எழுத்து தலைகீழாகப் போய்விடும், விரலைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பதில் பிள்ளைக்கு வலிக்கும்.

தாம்பாளத்தில் அரிசியை விரல் நகம் மறையும் ஆழத்துக்கு மட்டும் பரப்புங்கள். அதிகமாகக் கொட்டினால் கோடு உடனே மூடிக்கொள்ளும். தட்டின் அடி தெரிந்து எழுத்து தெளிவாக விழ வேண்டும். எழுத்தைக் கண்ணால் பார்த்ததும்தான் பிள்ளையின் முகம் மலர்கிறது.

பிள்ளையின் வலது கை ஆள்காட்டி விரலை மெதுவாகப் பிடித்து முதலில் பிள்ளையார் சுழி. அடுத்து ‘ஓம்’. கேரள வழக்கத்தைப் பின்பற்றுபவர்கள் ‘ஹரி ஸ்ரீ கணபதயே நம:’ என்று எழுதுவார்கள். அப்புறம் ‘அ’. எழுதும்போதே பெரியவர் ஒலியைச் சொல்ல, பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை. அ முதல் ஃ வரை பதின்மூன்றையும் எழுத வைக்க வேண்டும் என்று சில பெரியவர்கள் ஆசைப்படுவார்கள். மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உங்களுக்குத் தெரிந்த சரஸ்வதி துதி ஒன்றை எல்லோரும் சேர்ந்து சொல்லலாம், பாடலாம். பாட்டு தொடங்கினால் பிள்ளை அசையாமல் கேட்கும்.

பிறகு சிலேட்டு. பலப்பத்தைப் பிடித்து அதே எழுத்தை ஒரு முறை எழுத வையுங்கள். அடுத்து அவனாக ஏதாவது கிறுக்கட்டும். அந்தக் கிறுக்கலைத் துடைக்காமல் படம் எடுத்து வையுங்கள், எங்கள் வீட்டில் அது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் சடங்குக்கு மட்டும் வலது விரலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் எந்தக் கையில் எழுத வருகிறதோ அந்தக் கையில் எழுத விடுங்கள். ‘இந்தக் கைதான்’ என்று அந்த முதல் நாளில் அதட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். பிள்ளைக்கு எழுத்தின் மேல் வரும் முதல் நினைவு பயமாக இருக்கக் கூடாது.

அழுதால் நிறுத்துங்கள். வெளியே தூக்கிப் போய் வேடிக்கை காட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள். நல்ல நேரம் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது பத்து நிமிடம் போவதால் ஒன்றும் குறையாது. படம் எடுப்பது ஒருவர் வேலையாக இருக்கட்டும். ஆறு பேர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ‘இங்கே பாரு, இங்கே பாரு’ என்றால் பிள்ளை எழுத்தைப் பார்க்காது.

கடைசியில் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்கச் சொல்லி, வாயில் கொஞ்சம் கற்கண்டு போடுங்கள். வந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சுண்டலோடு ஒரு பென்சிலும் கொடுங்கள்.

7. அன்றைக்கே பள்ளியில் சேர்ப்பதானால்

அரசுத் தொடக்கப் பள்ளிகளை விஜயதசமியன்று சேர்க்கைக்காகத் திறந்து வைப்பது சமீப ஆண்டுகளில் வழக்கமாகி வருகிறது. உங்கள் பகுதிப் பள்ளி திறந்திருக்குமா என்று பூஜை விடுமுறைக்கு முந்தின வேலை நாளில் தலைமையாசிரியரைக் கேளுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு 5 வயது முடிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழ் என்றால் பக்கத்து அங்கன்வாடி. பிறப்புச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு கையில் இருக்கட்டும். அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தனியார் பள்ளிகளில் நிதானம் வேண்டும். ‘விஜயதசமியன்று கட்டினால் சலுகை’ என்ற பலகையைப் பார்த்து நாங்கள் 2022-இல் ஒரு பள்ளியில் 5,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். பிறகு வீடு மாறியதால் வேறு பள்ளி பார்க்க வேண்டி வந்தது, பணம் திரும்ப வரவில்லை. ரசீதில் ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தார்கள், நான் படித்துப் பார்க்கவில்லை. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தக் கட்டணம்? சேராவிட்டால் திரும்பக் கிடைக்குமா, அதை எழுத்தில் தருவீர்களா? கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு? தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்த 2009-இல் சட்டம் வந்தது, அதன்படி அமைந்த குழுதான் அந்தத் தொகையை முடிவு செய்கிறது. கேட்பது உங்கள் உரிமை.

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் கட்டணமின்றிக் கிடைக்கும் 25 விழுக்காடு இடத்துக்கு முயல்பவர்கள் இந்த முன்பணத்தில் சிக்காதீர்கள். அதற்கு அரசு அறிவிக்கும்போது இணையத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 கணக்கில் 3 வயது முடிந்திருக்க வேண்டும். தேதி ஒரு நாள் தள்ளினாலும் ஏற்க மாட்டார்கள்.

8. அடுத்த நாள்

எழுதிய அரிசியைக் குப்பையில் போடாதீர்கள், கால் படும் இடத்தில் சிந்தாதீர்கள். அன்றே சர்க்கரைப் பொங்கலோ பாயசமோ செய்து எல்லோரும் சாப்பிடலாம். மஞ்சள் கலந்ததென்றால் வெண்பொங்கலுக்குப் போடலாம். கோயிலில் எழுதிய அரிசியைத் தருவார்கள், ஒரு துணிப்பை கொண்டு போங்கள்.

சிலேட்டைப் பரணில் ஏற்றிவிடாமல் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். தினமும் ஐந்து நிமிடம், அவன் கேட்டால் மட்டும். எழுத்தைச் சரியாக எழுதச் சொல்லித் திருத்த வேண்டிய வயது இன்னும் வரவில்லை. பலப்பத்தைச் சில பிள்ளைகள் கடித்துத் தின்னும், அதனால் எழுதி முடித்ததும் எண்ணிப் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி ரசீது, நட்சத்திரம் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, நகல் மூன்று எடுத்து, ஒன்றை ஊரில் பெற்றோர் வீட்டில் வையுங்கள். 5 வயது ஆதார் புதுப்பிப்புக்கு அந்தக் கோப்பைத்தான் அடுத்து எடுக்கப் போகிறீர்கள்.